பாக்ஸுக்குள் போகும் முன்பே ஸ்டாக் ஏன் நிரம்புகிறது?

கேள்வி: ரஸ்ட் மொழியில் ஒரு கோடி பைட் கொண்ட அரேயை பாக்ஸ் நியூவுக்குக் கொடுத்தால், டீபக் பில்டில் ஸ்டாக் நிரம்பி நிரல் விழுந்துவிடுகிறது, ரிலீஸ் பில்டில் ஓடுகிறது. பாக்ஸ் என்பதே ஹீப்பில் வைப்பதற்குத்தானே? 1.0 வெளிவந்து பத்து ஆண்டுகள் கடந்தும் இது ஏன் சரியாகவில்லை? ஹீப் ஒதுக்கீட்டிலும், பாக்ஸ் போன்று நினைவகத்தைத் தாமே விடுவிக்கும் ஸ்மார்ட் பாயிண்டர்களிலும் உண்மையிலேயே என்ன முன்னேறியிருக்கிறது? அலொகேட்டர் (நினைவகத்தை ஒதுக்கித் தரும் பகுதி) வசதிக்காக, ரஸ்டின் சோதனைப் பதிப்பான நைட்லிக்கு மாறலாமா?

பதில்:

பாக்ஸ் நியூ ஒரு சாதாரண ஃபங்ஷன். உங்கள் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. எந்த ஃபங்ஷனை அழைத்தாலும், உள்ளே நுழைவதற்கு முன் அதற்குக் கொடுக்கும் மதிப்பு முழுமையாக உருவாகியிருக்க வேண்டும். அது உருவாகும் இடம், அழைப்பவரின் ஸ்டாக், அதாவது ஃபங்ஷன் அழைப்புகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் சிறிய நினைவகப் பகுதி. பிறகுதான் பாக்ஸ் நியூ, தேவைக்கேற்ப நினைவகம் வாங்கும் பெரிய பகுதியான ஹீப்பில் இடம் கேட்கிறது, கிடைத்த இடத்துக்கு மதிப்பை நகலெடுக்கிறது. வீட்டை வேறோர் இடத்தில் கட்டி முடித்து, லாரியில் ஏற்றி, வாங்கிய மனையில் கொண்டுபோய் இறக்குவது போன்ற வேலை. நான்கு பைட் எண்ணுக்கு இது பொருட்டே இல்லை. பத்து மெகாபைட் அரே என்றால், லினக்ஸில் மெயின் த்ரெட்டுக்கு (நிரலின் முதன்மை இயக்க இழை) வழக்கமாகக் கிடைக்கும் 8 மெகாபைட் ஸ்டாக்கில் அது நுழையவே நுழையாது. விண்டோஸில் அந்த எல்லை 1 மெகாபைட்தான். ரஸ்டின் ஸ்டாண்டர்ட் நூலகம் வழியாக நீங்கள் தொடங்கும் த்ரெட்களுக்கு இயல்பாக 2 மெகாபைட். எனவே மெயினில் பிழைத்துக்கொண்ட அதே வரி, த்ரெட்டுக்குள் போனதும் விழலாம்.

வேகத்துக்காக மெருகேற்றிய ரிலீஸ் பில்டில் ஓடுவதற்குக் காரணம், ரஸ்ட் கம்பைலருக்குப் பின்னால் இயந்திர நிரலை உருவாக்கும் எல்எல்விஎம் காட்டும் கருணை. நடுவில் இருக்கும் நகல் தேவையற்றது என்று அதன் ஆப்டிமைசர் கண்டுகொண்டால் நேராக ஹீப்பிலேயே எழுதிவிடும். ஆனால் அதைக் கண்டுகொண்டே ஆக வேண்டும் என்று மொழி எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கம்பைலர் பதிப்பு மாறினாலோ, இடையில் ஒரு ஃபங்ஷன் அழைப்பு நுழைந்தாலோ அந்தக் கருணை போய்விடும். ரிலீஸில் ஓடுகிறதே என்று நம்பி இதை விட்டுவைக்காதீர்கள்.

இன்றே செய்யக்கூடிய தீர்வு எளிது. வெக் மேக்ரோவால் ஒரு கோடி பூஜ்ஜியங்கள் கொண்ட வெக்டரை உருவாக்கி, இன்டூ பாக்ஸ்ட் ஸ்லைஸ் அழைத்து, ஹீப்பில் இருக்கும் தொடர்ச்சியான உறுப்பு வரிசையாக (ஸ்லைஸ்) மாற்றிக்கொள்ளுங்கள். நீளம் வகையிலேயே பதிந்திருக்க வேண்டுமானால், அந்த ஸ்லைஸை ட்ரை இன்டூ மூலம் நிலையான நீளமுள்ள அரேயின் பாக்ஸாக மாற்றலாம். அங்கே பாயிண்டரின் வகை மட்டுமே மாறுகிறது, தரவு நகர்வதில்லை. இதில் பலர் கவனிக்காத ஆதாயம் ஒன்றும் உண்டு. பூஜ்ஜியங்களால் நிரம்பிய வெக்டரைக் கேட்டால் நூலகம் இடத்தை வாங்கி, பிறகு உட்கார்ந்து பூஜ்ஜியம் எழுதிக்கொண்டிருப்பதில்லை. 'பூஜ்ஜியமாக்கப்பட்ட நினைவகம் கொடு' என்று அலொகேட்டரிடமே கேட்கிறது. இவ்வளவு பெரிய துண்டை லினக்ஸில் அலொகேட்டர் பெரும்பாலும் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடமிருந்து நேரடியாக வாங்கும். அந்த நினைவகப் பக்கங்கள் நீங்கள் தொடும்போதுதான் உண்மையான நினைவகத்தைப் பிடிக்கும். பத்து மெகாபைட் கேட்டு அதில் நூறு கிலோபைட்டை மட்டும் பயன்படுத்தினால், செலவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பூஜ்ஜியம் வேண்டாம், வேறு மதிப்புகளால் நிரப்ப வேண்டும் என்றால், 2024 அக்டோபரில் வந்த 1.82 பதிப்பில் நிலைபெற்ற நியூ அன்இனிட் குடும்பத்தைப் பாருங்கள். அது மதிப்பே இல்லாமல் வெற்று இடத்தை மட்டும் ஒதுக்கி, மேபி அன்இனிட் என்ற உறையில் சுற்றித் தருகிறது. அதில் ஒவ்வொரு உறுப்பாக எழுதிவிட்டு, கடைசியில் அஸ்யூம் இனிட் அழைக்கிறீர்கள். எழுதும் வேலை முழுவதும் பாதுகாப்பான ரஸ்ட்; 'எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன்' என்று கையெழுத்திடும் கடைசி வரி மட்டுமே அன்சேஃப், அதாவது கம்பைலர் சரிபார்க்காமல் உங்களை நம்பும் பகுதி. ஒரே மதிப்பைப் பல இடங்களில் பகிர எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் பாயிண்டர்களான ஆர்சி, ஆர்க் (பல த்ரெட்களுக்கு) இரண்டுக்கும் இதே வசதி அதே பதிப்பில் வந்தது. ஸ்மார்ட் பாயிண்டர் பக்கத்தில் அண்மை ஆண்டுகளில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் உருப்படியாகத் தெரிவது இதுதான். ஆரவாரமே இல்லாமல் வந்தது.

இனி, ஏன் இன்னும் சரியாகவில்லை என்ற கேள்வி. மொழியை வடிவமைத்தவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று நினைத்தால் அது அநியாயம். 1.0-க்கு முந்தைய ரஸ்டில் பாக்ஸ் என்பது நூலக வகையே அல்ல. அலைக்குறி போட்டால் தனி உடைமை கொண்ட ஹீப் பாயிண்டர், அட் குறி போட்டால் பகிர்ந்துகொள்ளும், குப்பை சேகரிப்புக்கு உட்பட்ட பாயிண்டர் என்று மொழியின் இலக்கணத்திலேயே இரண்டும் இருந்தன. 2014 வாக்கில் இரண்டையும் எடுத்துவிட்டு நூலகத்துக்குத் தள்ளினார்கள். பாயிண்டர் என்பது கம்பைலரின் தனிச்சொத்தாக இருக்கக்கூடாது, யார் வேண்டுமானாலும் தமக்கான பாயிண்டரை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் கம்பைலர் செய்துகொண்டிருந்த வேலையைச் சாதாரண ஃபங்ஷனிடம் கொடுத்தால், அந்த ஃபங்ஷனுக்குரிய விதிகளும் கூடவே வந்துவிடும். மதிப்பு முதலில், இடம் பிறகு.

இந்த ஓட்டையை அடைக்க முயற்சிகள் நடந்தன. பாக்ஸ் என்ற சொல்லையே மொழியின் சிறப்புச் சொல்லாக்கி, நைட்லியில் மட்டும் இயங்கும் ஓர் இலக்கணம் நெடுநாள் இருந்தது. முதலில் இடம், பிறகு அந்த இடத்திலேயே மதிப்பு என்ற வரிசை அதில் சாத்தியம். வெக்டர் போன்ற மற்ற கொள்கலன்களுக்கும் இதே வசதி வேண்டும் என்று பிளேஸ்மென்ட் என்ற விரிவான முன்மொழிவு வந்தது, ஏற்கவும் பட்டது. பிறகு 2018-இல் அதைக் கைவிட்டு, எழுதிய நிரல்களையும் கம்பைலரிலிருந்து நீக்கினார்கள். நகல் நிகழாது என்ற உத்தரவாதத்தை அதனால் உண்மையில் தர முடியவில்லை. அதைவிடக் கடினமான சிக்கல், தோல்வியடையக்கூடிய ஃபங்ஷன்கள். ஒரு ஃபங்ஷன் ரிசல்ட் வகையைத் திருப்பித் தருகிறது என்றால், வெற்றியா தோல்வியா என்ற அடையாளமும் மதிப்பும் ஒரே கட்டாகத்தான் வருகின்றன. மதிப்பை மட்டும் பிரித்து ஹீப்பில் போடு, அடையாளத்தை ஸ்டாக்கில் வை என்று சொல்ல மொழியில் வழி இல்லை. ரஸ்டில் உருப்படியான வேலை செய்யும் ஃபங்ஷன்களில் பல ரிசல்ட் தருபவைதான். அவற்றுக்குப் பயன்படாத வசதியை மொழிக்குள் நிரந்தரமாக வைக்க அவர்கள் விரும்பவில்லை. பாக்ஸ் இலக்கணமும் 2023-இல் போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை: இலக்கணத்தை நீக்கிய பின்பும் ஸ்டாண்டர்ட் நூலகத்தின் வெக் மேக்ரோவுக்கு அந்த வசதி தேவைப்பட்டது. அதனால் வெளியாருக்கு அனுமதியில்லாத ஓர் உள்வீட்டு அட்ரிபியூட்டாக (கம்பைலருக்கான குறிப்பு) அதையே தொடர்ந்து வைத்துக்கொண்டார்கள்.

சி பிளஸ் பிளஸ் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள்: அங்கே நியூ என்று எழுதினால் இடம் முதலில் வாங்கப்பட்டு, பொருளைக் கட்டும் கன்ஸ்ட்ரக்டர் அந்த இடத்திலேயே ஓடுகிறதே? உண்மைதான். ஆனால் அங்கே கன்ஸ்ட்ரக்டர் தனிப்பிறவி. தான் எந்த முகவரியில் கட்டப்படுகிறோம் என்று அதற்குத் தெரியும். தோல்வியைச் சொல்ல, இயல்பான ஓட்டத்தை முறிக்கும் எக்ஸெப்ஷன் வீசும். ரஸ்டில் கன்ஸ்ட்ரக்டர் என்று எதுவும் இல்லை, மதிப்பைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்களே உண்டு. எக்ஸெப்ஷனும் இல்லை. அந்த எளிமைக்குக் கொடுக்கும் விலையைத்தான் உங்கள் டீபக் பில்ட் காட்டியது.

இந்த விலை மிகவும் உறுத்திய இடம் லினக்ஸ் கெர்னல். எக்ஸ்86-64 கெர்னலில் ஒரு த்ரெட்டின் ஸ்டாக் 16 கிலோபைட் மட்டுமே. உங்களுக்குப் பத்து மெகாபைட்டில் வந்த சிக்கல் அங்கே ஒரு நடுத்தர ஸ்ட்ரக்சருக்கே வந்துவிடும். போதாததற்கு, கெர்னலின் மியூடெக்ஸ் போன்ற பூட்டுகளுக்குள் தன்னையே சுட்டும் பட்டியல் முனைகள் இருக்கின்றன. ஸ்டாக்கில் உருவாக்கி ஹீப்புக்கு நகர்த்தினால் அந்த முகவரிகள் பொய்யாகிவிடும். எனவே கெர்னலுக்குள் ரஸ்டைக் கொண்டுவரும் ரஸ்ட் ஃபார் லினக்ஸ் குழு பின் இனிட் என்ற நூலகத்தை எழுதியது. மதிப்புக்குப் பதிலாக, 'இந்த முகவரியில் இப்படிக் கட்டு' என்ற செய்முறையைக் கைமாற்றுவது அதன் அடிப்படை. பாக்ஸ் முதலில் இடத்தை வாங்குகிறது, பிறகு செய்முறையை அந்த இடத்தில் ஓட்டுகிறது. செய்முறை தோற்றால் ரிசல்டில் பிழை வருகிறது. பிளேஸ்மென்ட் முன்மொழிவு தடுக்கி விழுந்த அதே இடத்தை இது மேக்ரோக்களின் துணையோடு தாண்டிவிட்டது. எழுதிப் பார்த்தால் கண்ணுக்கு அழகாக இருக்காது, பிழைச் செய்திகளும் சில நேரம் மிரட்டும். ஆனால் வேலை செய்கிறது. இதையே மொழிக்குள் ஒழுங்காகக் கொண்டுவருவதை ரஸ்ட் திட்டம் 2025-இல் தன் அதிகாரபூர்வ இலக்குகளில் சேர்த்தது. எனவே 'ஏன் இன்னும் சரியாகவில்லை' என்ற உங்கள் கேள்விக்கு, இப்போதுதான் சரியான வடிவம் தெரிய ஆரம்பித்திருக்கிறது என்பது என் பதில்.

கெர்னல் வெளிக்கொணர்ந்த இன்னொரு பலவீனம், ஒதுக்கீடு தோற்றால் என்ன ஆகும் என்பது. பாக்ஸ் நியூ திருப்பித் தருவது பாக்ஸ்; ரிசல்ட் அல்ல. இடம் கிடைக்காவிட்டால் ஸ்டாண்டர்ட் நூலகம் நிரலையே நிறுத்திவிடும். சர்வரிலோ மேசைக் கணினியிலோ இது பெரிய குறையல்ல. லினக்ஸ் இயல்பாகவே கைவசம் இருப்பதைவிட அதிகமான நினைவகத்துக்குச் சரி என்று தலையாட்டும்; உண்மையில் தட்டுப்பாடு வரும்போது ஒதுக்கீடு தோற்பதைவிட, ஏதாவது ஒரு ப்ராசஸ் கொல்லப்படுவதுதான் வழக்கம். ஆனால் கெர்னலே அப்படி நின்றுவிட முடியாது. 2021 ஏப்ரலில் ரஸ்ட் ஆதரவுக்கான முதல் பேட்ச் தொகுப்பு வந்தபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் பிடித்துக்கொண்ட குறைகளில் இது ஒன்று: ஒதுக்கீடு தோற்றதற்காக பேனிக் ஆவதை, அதாவது அப்படியே நின்றுபோவதை, ஏற்கவே முடியாது என்றார்.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த 1.57 பதிப்பில் வெக்டருக்கான ட்ரை ரிசர்வ் நிலைபெற்றது. இடம் இல்லை என்றால் நிரலை நிறுத்தாமல் பிழையைத் திருப்பித் தரும். பாக்ஸுக்கான ட்ரை நியூ மட்டும் இன்னும் நைட்லியில்தான் இருக்கிறது. கெர்னல் காத்திருக்கவில்லை. தனக்கென்று பாக்ஸ் வகைகளை எழுதிக்கொண்டது. 2025 ஜனவரியில் வந்த கெர்னல் 6.13-இல் கேபாக்ஸ், விபாக்ஸ், கேவிபாக்ஸ் என்று மூன்றாக அவை சேர்ந்தன. முதலாவது அடுத்தடுத்த பௌதிகப் பக்கங்களில் இடம் வாங்கும், இரண்டாவது மெய்நிகர் முகவரியில் மட்டும் தொடர்ச்சி போதும் என்னும், மூன்றாவது முதல் வழியை முயன்று பார்த்துவிட்டு இரண்டாவதுக்குப் போகும். ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் 'இங்கே தூங்கிக் காத்திருக்கலாமா, கூடாதா' என்ற கொடியைக் கொடுத்தாக வேண்டும். திரும்ப வருவது எப்போதும் ரிசல்ட். ஒரு சாதாரண பாக்ஸ் எவ்வளவு விஷயங்களை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த மூன்று வகைகளின் நிரலைப் படித்தாலே போதும்.

ஆர்சி, ஆர்க் பற்றி. இங்கே பெரிய மாற்றம் 1.0-க்குச் சில வாரங்கள் முன்பே நடந்துவிட்டது, அதுவும் ஒரு விபத்து வழியாக. த்ரெட்டைத் தொடங்கினால் ஒரு காவல் பொருள் கிடைக்கும், அது அழியும்போது த்ரெட் முடியும்வரை காத்திருக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு ஏபிஐ (நூலக இடைமுகம்) இருந்தது. இரண்டு ஆர்சிக்களை ஒன்றையொன்று சுட்டவைத்து அந்தக் காவல் பொருளை உள்ளே போட்டுவிட்டால் அது அழியவே அழியாது. த்ரெட் மட்டும் செத்துப்போன ஸ்டாக்கைப் பார்த்துக்கொண்டு ஓடும். 2015 ஏப்ரலில் இது வெளிப்பட்டதும் அந்த ஏபிஐயை எடுத்துவிட்டார்கள். டெஸ்ட்ரக்டர் (மதிப்பு அழியும்போது ஓடும் நிரல்) ஓடியே தீரும் என்று எந்தப் பாதுகாப்பான நிரலும் நம்பக்கூடாது என்ற விதி அங்கே உறுதியானது. அதே வசதி மூடல் ஃபங்ஷன் (க்ளோஷர்) வடிவில் 2022 ஆகஸ்டில், 1.63 பதிப்பில்தான் திரும்பி வந்தது. ஏழு ஆண்டுகள்! நினைவகக் கசிவு ரஸ்டில் 'பாதுகாப்பானது' என்று வகைப்படுத்தப்படுவது ஏன் என்று யாராவது சலித்துக்கொண்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஆர்சி வட்டங்களுக்கு மருந்து, மதிப்பை உயிரோடு பிடித்து வைக்காத வீக் பாயிண்டர். பிள்ளை பெற்றோரைச் சுட்ட வேண்டிய மரங்களில், பெற்றோர் உருவாகும்போதே பிள்ளையிடம் அதன் வீக் பாயிண்டர் இருக்க வேண்டும் என்றால், முன்பெல்லாம் உள்ளிருப்பதைப் பிறகு மாற்ற விடும் ரெஃப்செல் வைத்து இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலின் 1.60-இல் வந்த நியூ சைக்ளிக் அந்தச் சுற்றுவழியை ஒழித்தது. வீக்கில் ஒரு பொறியும் உண்டு. வலுவான பாயிண்டர், வீக் பாயிண்டர் எண்ணிக்கைகள் இரண்டும் மதிப்பும் ஒரே ஒதுக்கீட்டில் உட்கார்ந்திருக்கின்றன. கடைசி வலுவான பாயிண்டர் போனதும் மதிப்பின் டெஸ்ட்ரக்டர் ஓடிவிடும். ஆனால் ஒரே ஒரு வீக் மிச்சம் இருந்தாலும் அந்த இடம் முழுவதும் திருப்பித் தரப்படாது. பெரிய அரேயை நேரடியாக ஆர்க்கில் வைத்து, கேஷ் ஒன்றில் வீக்குகளைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் நினைவகம் ஏன் குறையவில்லை என்று தேடுவது இதனால்தான்.

நகலின் கதை இங்கேயும் தலைகாட்டுகிறது. வெக்டரை பாக்ஸ்ட் ஸ்லைஸ் ஆக்கும்போது மிச்ச இடத்தைச் சுருக்கினால் போதும். ஆர்க் ஸ்லைஸ் ஆக்குவதோ முழு நகல்; ஏனென்றால் எண்ணிக்கைகள் தரவுக்கு முன்னால் உட்கார வேண்டும், வெக்டரின் ஒதுக்கீட்டில் அதற்கு இடம் இல்லை. ஸ்ட்ரிங்கை ஆர்க் எஸ்டிஆர் (பகிரும் உரைத் துண்டு) ஆக்குவதும் அப்படியே. ஒருமுறை நகலெடுத்துப் பல ஆயிரம் முறை படிப்பீர்கள் என்றால் அது லாபம், பாயிண்டர் வழியே ஒரு தாவல் குறையும். அடிக்கடி மாறும் தரவு என்றால் ஆர்க்குக்குள் வெக்டரையே வைத்துவிடுங்கள்.

சிறிய முன்னேற்றங்கள் பல உண்டு. பாக்ஸுக்குள் இருக்கும், ஒருமுறை மட்டும் அழைக்கக்கூடிய எஃப்என்ஒன்ஸ் மூடலை நேரடியாக அழைக்க முடிந்தது 2019 மே மாதத்தில், 1.35-இல், அதுவரை அதற்கொரு கோணல் வழி இருந்தது. தன்னையே அழைக்கும் ஏசிங்க் (இடையில் காத்திருந்து தொடரும்) ஃபங்ஷனை பாக்ஸ் பின் கொண்டு நேராக எழுத 2024 மார்ச்சின் 1.77 வழிவிட்டது. டிரெய்ட் (வகைகள் பின்பற்றும் இடைமுகம்) பொருளின் பாக்ஸை அதன் மேல் டிரெய்ட்டுக்கு மாற்றுவது 1.86-இல் வந்தது. 2024 எடிஷனில் பாக்ஸ்ட் ஸ்லைஸின் இன்டூ இட்டர் கடைசியில் மதிப்புகளையே தருகிறது. மாறாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பாக்ஸால் கோத்த நீண்ட இணைப்புப் பட்டியலை அழிக்கும்போது ஒவ்வொரு கணுவும் அடுத்ததை உள்ளுக்குள் அழைத்து அழிப்பதால், லட்சக்கணக்கான கணுக்களில் ஸ்டாக் நிரம்பிவிடும். அழிக்கும் வேலையைச் செய்யும் ட்ராப்பை நீங்களே எழுதி, டேக் மூலம் ஒவ்வொன்றாகக் கழற்றும் லூப்பாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

கடைசியாக, அலொகேட்டரும் நைட்லியும். முதலில் நிரல் முழுவதற்குமான அலொகேட்டரை மாற்றிப் பாருங்கள். 2018 ஆகஸ்டின் 1.28 முதல் நிலையான ரஸ்டிலேயே ஒரு குளோபல் அலொகேட்டர் அறிவிப்பால் இது முடியும். 2019 ஜனவரியின் 1.32 வரை ஜேஇமாலக் என்ற அலொகேட்டர்தான் பல தளங்களில் இயல்பாக இருந்தது. ஒவ்வொரு பைனரிக்கும் ஏறக்குறைய 300 கிலோபைட்டை அது சேர்த்தது, எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி இயங்கவும் இல்லை. அதனால் இயங்குதளத்தின் அலொகேட்டருக்கு மாறினார்கள். பல த்ரெட்கள் விடாமல் ஒதுக்கி விடுவிக்கும் சர்வர் நிரலை மஸ்ல் என்ற சிறிய சி நூலகத்தோடு கட்டி அனுப்புகிறீர்கள் என்றால், ஜேஇமாலக் அல்லது மிமாலக் சேர்ப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வேகத்தைத் தரும். மாற்றுவதற்கு முன் வால்கிரைண்டின் டிஹாட் கருவியில் ஓட்டி, எந்த வரி அதிகமாக ஒதுக்குகிறது என்று பார்த்துவிடுங்கள். குறைத்துவிடக்கூடிய ஒதுக்கீட்டுக்கு வேகமான அலொகேட்டர் தேடுவது வீண்வேலை.

ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனித்தனி அலொகேட்டர் தரும் வசதியின் கோரிக்கை 2016 முதல் திறந்தே கிடக்கிறது. பாக்ஸ் வகையில் அதற்கான இரண்டாவது அளவுரு எப்போதோ சேர்ந்துவிட்டது, பயன்படுத்தத்தான் நைட்லி வேண்டும். உங்களுக்கு வேண்டியது, சர்வருக்கு வந்த ஒரு கோரிக்கை முடிந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாகத் தூக்கியெறியும் அரீனா மட்டும்தான் என்றால், பம்பாலோ க்ரேட் (நூலகத் தொகுப்பு) நிலையான ரஸ்டிலேயே கிடைக்கிறது. அதன் பாக்ஸ், வெக்டர் வகைகள் தனி. நைட்லியின் அலொகேட்டர் டிரெய்ட்டின் வடிவத்தை நிலையான ரஸ்டுக்குக் கொண்டுவந்த அலொகேட்டர் ஏபிஐ2 என்ற க்ரேட்டும் உண்டு. இவை இரண்டும் போதாமல் நைட்லிக்குத்தான் போக வேண்டும் என்றால், நைட்லியைத் தேதியோடு பூட்டி வையுங்கள். அந்த டிரெய்ட்டின் பெயரே அலாக், அலாக் ரெஃப், அலொகேட்டர் என்று 2020-க்குள் இருமுறை மாறியது. இன்னும் நிலைபெறாததால், அடுத்த மாற்றத்துக்கு உங்களிடம் யாரும் அனுமதி கேட்கப்போவதில்லை.